இணையம் இல்லாத கணினியில் மென்பொருள் போடுவது எப்படி?

கேள்வி-பதில் பகுதி

‘‘மலைமேல் இருக்கும் எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவின் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கணினி வாங்கியிருக்கிறோம். அலுவலகத்தில் இணைய வசதி கிடையாது. செல்போன் சிக்னலே ரோட்டு வளைவுக்குப் போனால்தான் கிடைக்கும். பழைய கணினியில், அடிவாரத்தில் உள்ள ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து ஒரு கணக்கு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். சில நாள்களில் ஃபோல்டர்கள் எல்லாம் ‘ஷார்ட்கட்’ ஆக மாறிவிட்டன. 200-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் பங்குத்தொகைக் கணக்கும், மிளகு, காபி கொள்முதல் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன. அடுத்த மாதம் ஆண்டுக் கணக்கை முடித்தாக வேண்டும். பழைய கணக்கை மீட்க முடியுமா? இணையம் இல்லாமலேயே புதிய கணினியில் பாதுகாப்பாக மென்பொருள் போட முடியுமா?’’

- குழுவின் கணக்காளர், கொல்லிமலை.

இரண்டுமே முடியும். ஆனால், வரிசை முக்கியம். முதலில் கணக்கை மீட்க வேண்டும். அதன்பிறகுதான் புதிய கணினி.

பழைய கணினியில் பயன்படுத்திய எந்தப் பென்டிரைவையும் புதிய கணினியில் செருகாதீர்கள். பழைய கணினியை ‘ஃபார்மேட்’ செய்யவும் யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், இது பென்டிரைவ் வழியாகப் பரவும் ‘ஷார்ட்கட் வைரஸ்’ போலத் தெரிகிறது. பெரும்பாலும் இந்த வகை வைரஸ் ஃபைல்களை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலி ஷார்ட்கட்டை வைத்துவிடும். அதை நாம் திறக்கத் திறக்க வைரஸ் மறுபடியும் ஓடும். அதனால், ஷார்ட்கட் எதையும் திறக்காதீர்கள்.

பழைய கணினியில் ஃபோல்டர் ஜன்னலின் மேலே உள்ள ‘வியூ’ பகுதிக்குப் போய் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால், அதே பகுதியில் உள்ள ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய், ‘சிஸ்டம் ஃபைல்களை மறைத்து வை’ என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் பழைய ஃபோல்டர்கள் தெரியும். அவற்றிலிருந்து கணக்கு ஃபைல்களை மட்டும் (எக்செல், வேர்டு, பி.டி.எஃப்., கணக்கு மென்பொருளின் ‘டேட்டா’ ஃபோல்டர்) ஒரு புதிய பென்டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். மென்பொருள் ஃபைல்களையும் ஷார்ட்கட்களையும் தொடாதீர்கள். அந்தப் பென்டிரைவை, தினமும் அப்டேட் ஆகும் வைரஸ் தடுப்பு உள்ள ஒரு கணினியில் ஸ்கேன் செய்த பிறகே புதிய கணினிக்குக் கொண்டு வர வேண்டும்.

ஒருவேளை ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, ‘பணம் கட்டினால் திறந்து தருகிறோம்’ என்று ஒரு குறிப்பும் இருந்தால், அது வேறு நோய். பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் ஃபைல் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹார்டுடிஸ்க்கை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள்.

‘இணையமே இல்லாத கணினிக்கு வைரஸ் எப்படி வரும்?’ என்று பலரும் கேட்கிறார்கள். தண்ணீர் வராத வயலுக்கும் களை விதை வண்டிச் சக்கரத்தோடு வரும் இல்லையா, அதுபோலத்தான். 2010-ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ என்ற வைரஸ், ஈரானின் நடான்ஸ் அணுசக்தி நிலையத்தைத் தாக்கியது. வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாத கணினிகளுக்கும் பென்டிரைவ் மூலம் தாவும்படிதான் அதை உருவாக்கியிருந்தார்கள்.

கீழே இறங்கும் முன் ஒரு துண்டுச் சீட்டு!

இனி, புதிய கணினி. மென்பொருளை இணையம் உள்ள இடத்தில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து போட வேண்டும். நாற்றங்காலில் வளர்த்து வயலில் நடுவது போன்ற வேலைதான். ஆனால், எந்த வயலுக்கு எந்த நாற்று என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு உங்கள் கணினியில் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘அபௌட்’ என்று வரிசையாகப் போய், விண்டோஸ் எத்தனையாவது பதிப்பு, 32 பிட்டா, 64 பிட்டா, ரேம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹார்டுடிஸ்க்கில் காலி இடம் எவ்வளவு, பிரின்டரின் முழு மாடல் எண் என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 64 பிட்டுக்கான மென்பொருளை 32 பிட் விண்டோஸில் போட முடியாது. இந்தச் சீட்டு இல்லாமல் போய், தவறான ஃபைலோடு மலை ஏறினால் ஒரு நாள் வீண்.

முழு மூட்டையா... வெறும் சீட்டா?

பலர் ஏமாறும் இடம் இதுதான். நிறைய மென்பொருள்களின் இணையப் பக்கத்தில் ‘டவுன்லோடு’ பட்டனை அழுத்தினால், சின்ன ஃபைல் ஒன்றுதான் இறங்கும். அது மென்பொருள் அல்ல. இணையத்துக்குப் போய் உண்மையான மென்பொருளை எடுத்து வருகிற ஆள். ரேஷன் கடை டோக்கன் மாதிரி. டோக்கனை வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி சமைக்க முடியாது. உதாரணமாக, குரோம் பிரவுசரைச் சாதாரணமாக இறக்கினால் கிடைப்பது இந்தச் சின்ன ஃபைல்தான். ‘ஆஃப்லைன் இன்ஸ்டாலர்’ அல்லது ‘ஸ்டாண்டலோன் இன்ஸ்டாலர்’ என்று கேட்டு எடுத்தால்தான் முழு ஃபைலும் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கு, எல்லா மொழிகளுக்கும் எல்லா கணினிகளுக்கும் உரிய ஃபைல்களைப் பட்டியலிடும் தனிப் பக்கம் இருக்கிறது. தமிழ்ப் பதிப்பும் அங்கேயே உண்டு.

எந்த மென்பொருளாக இருந்தாலும் அதன் பெயரோடு ‘ஆஃப்லைன் இன்ஸ்டாலர்’ என்று சேர்த்துத் தேடுங்கள். இறக்கிய பிறகு ஃபைலின் அளவைப் பாருங்கள். கடிதம், எக்செல் கணக்கு போன்ற வேலைகளுக்கு உதவும் ‘லிப்ரே ஆஃபீஸ்’ இலவச மென்பொருள், விண்டோஸுக்கு சுமார் 350 எம்.பி. அளவில் ஒரே ஃபைலாக முழுமையாகக் கிடைக்கிறது. அதன் ‘ஹெல்ப்’ பகுதி தனி ஃபைல். இணையம் இல்லாதவர்கள் அதையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய மென்பொருள் ஒன்று ஓரிரண்டு எம்.பி. அளவில் இறங்கினால் சந்தேகப்படுங்கள். 7-ஜிப் போன்ற, இயல்பிலேயே சின்னதான மென்பொருள்கள் இதற்கு விதிவிலக்கு.

மாதச் சந்தாவில் ஓடும் மென்பொருள்களை உங்களைப் போன்றவர்கள் தவிர்ப்பது நல்லது. மைக்ரோசாஃப்ட் 365 போன்றவை, சுமார் மாதம் ஒருமுறையாவது இணையத்தோடு பேசியாக வேண்டும். இல்லையென்றால், ஃபைலைத் திறந்து பார்க்கலாமே தவிர, திருத்த முடியாது. விலை கொடுத்து வாங்கும் கணக்கு மென்பொருளாக இருந்தால், ‘ஆஃப்லைன் ஆக்டிவேஷன் உண்டா?’ என்று வாங்கும்போதே கேளுங்கள். இந்த வசதி இருந்தால், உங்கள் கணினி ஒரு விண்ணப்ப ஃபைலை உருவாக்கித் தரும். அதைப் பென்டிரைவில் எடுத்துப் போய், இணையம் உள்ள கணினியில் கொடுத்து, அனுமதி ஃபைலை வாங்கி வந்து சேர்த்தால் போதும்.

துணைச் சரக்கும் வேண்டும்!

எல்லாம் சரியாகக் கொண்டுவந்து போட்ட பிறகும் ‘எம்.எஸ்.வி.சி.பி.140 டி.எல்.எல். காணவில்லை’ என்பதுபோல ஒரு செய்தி வரலாம். மென்பொருள் சரிதான். அதற்குத் தேவையான துணைச் சரக்கு இல்லை என்று பொருள். இணையம் இருந்தால் பல மென்பொருள்கள் இதைத் தானே இறக்கிக்கொள்ளும். உங்கள் கணினியில் நீங்கள்தான் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் ‘விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்ற தொகுப்பு முழு ஃபைலாகவே கிடைக்கிறது. 64 பிட் கணினியாக இருந்தாலும் அதில் 64 பிட், 32 பிட் இரண்டையுமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போன அந்த ஒரு டி.எல்.எல். ஃபைலை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். வைரஸ் நுழைகிற வாசல்களில் அதுவும் ஒன்று.

பழைய கணக்கு மென்பொருள்கள் சில, ‘டாட்நெட் 3.5’ கேட்கும். விண்டோஸ் இதை இணையத்திலிருந்து எடுக்க முயன்று தோற்றுப்போகும். ஆனால், விண்டோஸ் நிறுவப் பயன்படும் டிவிடி அல்லது பென்டிரைவில், ‘சோர்சஸ்’ ஃபோல்டருக்குள் ‘எஸ்.எக்ஸ்.எஸ்.’ என்ற ஃபோல்டரில் அதன் ஃபைல்கள் இருக்கின்றன. உங்கள் கணினியில் உள்ள அதே விண்டோஸ் பதிப்பின் டிவிடியாக இருக்க வேண்டும். விஷயம் தெரிந்த கணினிப் பழுது நீக்குபவரிடம் இதைச் சொன்னால், ஒரு வரிக் கட்டளையில் வேலையை முடித்துவிடுவார்.

விதைக்கு அட்டை... மென்பொருளுக்கு?

சான்று பெற்ற விதைப் பையில் நீல நிற அட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்? மென்பொருளுக்கும் அப்படி ஒன்று உண்டு. பல மென்பொருள்களின் தளத்தில், டவுன்லோடு பக்கத்திலேயே ‘எஸ்.எச்.ஏ.256’ என்ற தலைப்பில் எண்களும் எழுத்துகளுமாக 64 எழுத்து நீளத்தில் ஒரு வரி இருக்கும். அது அந்த ஃபைலின் கைரேகை. ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த வரி முழுவதுமாக மாறிவிடும். அந்த வரியைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கணினியில் 7-ஜிப் போட்டிருந்தால், ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ.’ என்ற இடத்தில் எஸ்.எச்.ஏ.256-ஐத் தேர்ந்தெடுத்தால், அதே வரி வர வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், ஃபைல் பாதியில் கெட்டிருக்கலாம். யாராவது கைவைத்தும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் போடாதீர்கள்.

இந்த வரி தராத மென்பொருளாக இருந்தால், ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராபர்ட்டீஸ்’ உள்ளே ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ பகுதியில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மென்பொருளைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரங்களில் பெரிதாக ‘டவுன்லோடு’ என்று பச்சைப் பட்டன் இருக்கும். அதில் கை வைக்க வேண்டாம்.

‘இந்த மென்பொருளைப் போடும்முன் வைரஸ் தடுப்பை நிறுத்திவிடுங்கள்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பென்டிரைவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டு உடைத்த மென்பொருள்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி ஒரு நிபந்தனை இருக்கும். கணக்கு எழுத ‘க்னூகேஷ்’ என்ற இலவச மென்பொருளே இருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குக்கு அரசின் ஜி.எஸ்.டி. தளத்திலேயே ‘ரிட்டர்ன்ஸ் ஆஃப்லைன் டூல்’ இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒருமுறை நிறுவிவிட்டால், விற்பனை விவரங்களை மலைமேலேயே உட்கார்ந்து பதிவு செய்யலாம். அது உருவாக்கித் தரும் ஃபைலைக் கொண்டுபோய்ப் பதிவேற்றம் செய்ய மட்டும் இணையம் போதும்.

செல்போனே பென்டிரைவ்!

கீழே கணினி மையம் எதுவும் இல்லை என்றாலும் கவலை வேண்டாம். சிக்னல் உள்ள இடத்தில் ஆண்ட்ராய்டு செல்போனிலேயே இறக்கலாம். செல்போனில் திறந்தால், தளம் செல்போனுக்கான ஃபைலைக் காட்டும். பிரவுசர் மெனுவில் ‘டெஸ்க்டாப் சைட்’ என்பதை டிக் செய்து, விண்டோஸுக்கான ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். அலுவலகத்துக்கு வந்து, சார்ஜர் ஒயரால் கணினியோடு இணைத்து, செல்போனில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்வு செய்தால், காப்பி செய்துவிடலாம்.

பென்டிரைவில் கொண்டு வருவதானால், அதை மென்பொருளுக்கு மட்டும் என ஒதுக்கிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, போட்டோ என்று கடை கடையாகச் செருகும் பென்டிரைவ் இதற்கு ஆகாது. 4 ஜி.பி-க்கு மேற்பட்ட ஒரே ஃபைல், ‘ஃபேட் 32’ முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏறாது. ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் ஃபார்மேட் செய்துகொள்ள வேண்டும்.

போடும் வரிசை!

முதலில் வைரஸ் தடுப்பு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘டிஃபெண்டர்’ உள்ளேயே இருக்கிறது. அதற்கான புதிய வைரஸ் பட்டியலை மைக்ரோசாஃப்ட் தளம் தனி ஃபைலாகத் தருகிறது. 100 எம்.பி-க்கு மேல் இருக்கும். அதைக் கொண்டுவந்து டபுள் கிளிக் செய்தால் போதும். மாதம் ஒருமுறையாவது, சந்தைக்கு இறங்கும்போது புதிய பட்டியலை எடுத்து வாருங்கள். அடுத்து, ‘ரீஸ்டோர் பாயின்ட்’ ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும். பிறகு துணைச் சரக்குகள், அதன்பிறகு பிரின்டர் டிரைவர், கடைசியாக மென்பொருள்கள். போடும்போது ‘ஸ்மார்ட்ஸ்கிரீனைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று விண்டோஸ் எச்சரிக்கலாம். இணையம் இல்லாததால் வரும் செய்தி அது. கைரேகை வரி ஒத்துப்போயிருந்தால் தொடரலாம்.

போட்டு முடித்த ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். கணினி பழுதானால் மறுபடியும் மலை இறங்க வேண்டியிருக்கும். ஒரு நோட்டில் மென்பொருளின் பெயர், பதிப்பு, இறக்கிய தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். உறுப்பினர் கணக்கை வாரம் ஒருமுறை இரண்டு பென்டிரைவ்களில் காப்பி எடுங்கள். ஒன்று அலுவலகப் பீரோவில், மற்றொன்று வேறு கட்டடத்தில், பொறுப்பாளர் ஒருவரின் வீட்டில் இருக்கட்டும். மென்பொருளை நூறு முறைகூட மறுபடியும் இறக்கலாம். 200 குடும்பங்களின் கணக்கை எங்கேயும் போய் இறக்க முடியாது.

‘‘எங்கள் மகளிர் குழுவில் முருங்கைப்பொடி தயாரிக்கிறோம். டவுனில் லேபிள் வடிவமைத்துக் கொடுத்த ஃபைலை எங்கள் கணினியில் திறந்தால், தமிழ் எழுத்துகள் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. இணையம் இல்லாமல் சரிசெய்ய முடியுமா?’’

- மகளிர் குழு உறுப்பினர், வேதாரண்யம்.

உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை. லேபிளை வடிவமைத்தவர், ‘பாமினி’, ‘வானவில்’ போன்ற பழைய வகை எழுத்துருவைப் பயன்படுத்தியிருப்பார். இவற்றில், ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும். எந்த எழுத்துரு என்று அவரிடமே கேட்டு, அந்த ஃபைலைப் பென்டிரைவில் வாங்கி வாருங்கள். அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் போதும், இணையம் தேவையில்லை.

லேபிளில் திருத்தம் எதுவும் இல்லை, அச்சிட மட்டும் வேண்டும் என்றால், பி.டி.எஃப். ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள். அதற்குள்ளேயே எழுத்துருவும் சேர்ந்து வந்துவிடும். இனி புதிதாகச் செய்யும் லேபிள்களை ‘யூனிகோடு’ முறையில் செய்யச் சொல்லுங்கள். தமிழக அரசு 2010-ம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்ட முறை இது. விண்டோஸ் 8 முதல் ‘நிர்மலா’ என்ற யூனிகோடு எழுத்துரு கணினியிலேயே இருக்கிறது. ஆனால், முன்பு எல்லாக் கணினியிலும் இருந்த ‘லதா’ எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. லதாவில் செய்த லேபிளை அங்கே திறந்தால் வேறு எழுத்துருவில் தெரியும்; வரிகள் இடம் மாறலாம். அச்சுக்குக் கொடுக்கும்முன் தயாரித்த தேதி, எடை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய ‘என்.எச்.எம். ரைட்டர்’ என்ற சிறிய இலவச மென்பொருள் இணையம் இல்லாமலே வேலை செய்யும். பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடாக மாற்ற, ‘என்.எச்.எம். கன்வெர்ட்டர்’ இருக்கிறது.

‘‘மகன் படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி சும்மா கிடக்கிறது. விண்டோஸ் 7 இருக்கிறது. 2 ஜி.பி. ரேம். எங்கள் ஊரில் இணையம் சரியாகக் கிடைப்பதில்லை. வரவு-செலவு எழுதவும் பேரப்பிள்ளைகள் படிக்கவும் இதைப் பயன்படுத்தலாமா?’’

- மானாவாரி விவசாயி, விளாத்திகுளம்.

தாராளமாகப் பயன்படுத்தலாம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இணையத்தோடு இணைக்காமல் வரவு-செலவு மட்டும் எழுதுவதற்கு அது பெரிய தடை இல்லை. ஆனால், இப்போது வரும் புதிய மென்பொருள்கள் பல அதில் ஏறாது. லிப்ரே ஆஃபீஸ் தளத்தில் பழைய பதிப்புகளுக்கென்றே ஒரு களஞ்சியம் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கு ஒத்துவரும் பழைய பதிப்பை அங்கே எடுக்கலாம்.

இன்னொரு வழி, லினக்ஸ். ‘டெபியன்’ லினக்ஸின் முதல் டிவிடி ஃபைலை இணையம் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டால், லிப்ரே ஆஃபீஸ் உட்பட தேவையான மென்பொருள்களை இணையமே இல்லாமல் நிறுவலாம். நிறுவும்போது ‘எக்ஸ்.எஃப்.சி.இ.’ என்ற எடை குறைந்த திரையைத் தேர்வு செய்யுங்கள். 2 ஜி.பி. ரேமுக்கு அதுதான் ஏற்றது. மடிக்கணினி 32 பிட் மட்டுமே ஏற்பதாக இருந்தால், டெபியன் 12-ஐ எடுங்கள். 13-ல் 32 பிட் கணினிக்கான நிறுவல் ஃபைல் கிடையாது. ‘ரூஃபஸ்’ என்ற சிறிய மென்பொருள், இந்த ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றித் தரும். அப்போது பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். மடிக்கணினியில் மகனின் படங்கள், சான்றிதழ்கள் ஏதும் இருந்தால் அவற்றையும் முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். பிற்பாடு புதிய மென்பொருள் தேவைப்பட்டால், ‘ஏ.பி.டி. ஆஃப்லைன்’ என்ற கருவி உதவும். என்னென்ன துணைச் சரக்கு வேண்டும் என்று உங்கள் கணினியே பட்டியல் எழுதித் தரும். அதை எடுத்துப் போய் இணையம் உள்ள கணினியில் கொடுத்தால், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடும்.

பேரப்பிள்ளைகளுக்கு ‘கிவிக்ஸ்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரே ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலே அதில் தேடிப் படிக்கலாம்.